வெள்ளியில் பதிந்த மூன்று விரல்கள்

உமைராவின் உள்ளங்கைகள் எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும். வெயிலானாலும் மழையானாலும், மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வேர்க்கும். பயம் வந்துவிட்டால் விரல் நுனிகளிலிருந்து சொட்டும். பள்ளியில் பரீட்சைத் தாளுக்கு அடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டுதான் எழுதுவாள். அப்படியும் மை கலங்கி, சில வரிகளை ஆசிரியைக்கு அவளே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் அவளுடைய வாப்பா ரஹ்மத்துல்லாவுக்குத் தோல்பை தைக்கும் பட்டறை இருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக அந்தத் தொழில்தான். உமைராவுக்கு எட்டு வயது இருக்கும்போது, ஏற்றுமதிக்காகத் தயாராகியிருந்த வெளிர்நிறப் பர்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தாள். மறுநாள் காலையில் எல்லாவற்றிலும் மங்கலாகக் கறை. வாப்பா அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் பட்டறைக்குள் வந்தாலே சரக்கைக் காட்டி ஒரே வார்த்தைதான்.

“ஏளா, மால் மேல கை வைக்காத. தள்ளி நின்னு பாரு.”

அவள் தள்ளி நின்று பார்த்தே வளர்ந்தாள். பார்ப்பதில் தேர்ந்தவளானாள் என்றும் சொல்லலாம். ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோதுகூடக் கலை வரலாற்றைத்தான் எடுத்துக்கொண்டாள். படம் வரைகிறவர்கள் கையை நம்ப வேண்டும். வரலாறு படிக்கிறவர்களுக்குக் கண் போதும் என்று நினைத்தாள்.

படிப்பு முடிந்ததும் செம்பூரில் மகாதேவன் என்பவரிடம் வேலைக்குப் போனாள். பழைய படச்சட்டங்கள், மரச் சிற்பங்கள், முலாம் உதிர்ந்த பீடங்கள் என்று எதைக் கொண்டுவந்தாலும் சீர்செய்து கொடுக்கும் சிறிய கூடம் அது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர் மகாதேவன். ஆபீஸ் வேலைக்கே போகாமல் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டவர். உமைராவின் வேலை, வந்த பொருளைப் படமெடுப்பது, எங்கெங்கே விரிசல், எங்கெங்கே உதிர்வு என்று அறிக்கை எழுதுவது. எதையும் தொட வேண்டியதில்லை. இரண்டு வருஷம் அங்கே இருந்தும் அவள் கையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அங்கேதான் அவள் முதன்முதலில் தங்கத் தாளைப் பார்த்தாள். மூச்சுக் காற்று பட்டாலே பறந்துவிடும் அளவு மெல்லிய தாள். யாரோ தெரியாமல் மின்விசிறியைப் போட்டுவிட, ஒரு தாள் மேலே எழும்பிச் சுழன்று துகள் துகளாகச் சிதறியது. மற்றவர்கள் திட்டிக்கொண்டிருந்தபோது, உமைரா வாயைத் திறந்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பொருளை ஒரு மரத்தின் மேல் படுக்க வைக்க மனிதக் கையால் முடியும் என்பதே அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

இத்தாலியில், ஃப்ளாரன்ஸ் நகரத்தில், கலையும் பண்பாடும் பற்றிய ஒரு வருஷப் படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது என்று சொன்னவர் மகாதேவன்தான். விண்ணப்பித்தாள், கிடைத்தது. வீட்டில் சொல்லி இரண்டு நாள் ஆனது. பிறகு உம்மாதான் கேட்டாள்.

“அங்க என்ன படிக்கணும்? எழுதுற படிப்பா, கை வேலையா?”

“வரலாறும்மா. மியூசியம் பாக்குறது, சர்ச் பாக்குறது, அத எழுதுறது. கொஞ்சம் போல கை வேலையும் இருக்கும்.”

“கொஞ்சம் போலன்னா சரி” என்றாள் உம்மா.

உமைராவும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

ஃப்ளாரன்ஸில் முதல் நாளே அந்த நம்பிக்கை போய்விட்டது. வகுப்பறை என்று கூட்டிப்போன இடத்தில் மேசைகளுக்குப் பதிலாக மரவேலைப் பலகைகள் இருந்தன. அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. பயிற்சி கொடுப்பவள் கியாரா. உமைராவைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். கையில் பசைக் கறையுடன் வந்து ஒவ்வொருவருக்கும் கை குலுக்கினாள். உமைரா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தோளில் தொங்கிய பையைச் சரிசெய்கிற சாக்கில் தலையை மட்டும் அசைத்தாள்.

“பேனாவையெல்லாம் உள்ளே வையுங்க” என்றாள் கியாரா ஆங்கிலத்தில். “முதல் மாசம் யாரும் எதையும் எழுத வேண்டாம். ஒரு மரப்பலகைக்குத் தங்கம் பூசத் தெரியாதவருக்கு, தங்கம் பூசின படத்தைப் பத்தி என்ன தெரியும்? முதல்ல செய்யுங்க. அப்புறம் போய்ப் பாருங்க.”

மற்ற ஏழு மாணவர்களும் சிரித்தார்கள். உமைராவின் பையின் வாரில் ஈரம் ஊறியது.

மரத்துக்குப் பசை தடவி, அதன் மேல் ஜிப்சம் கலந்த வெள்ளைப் பூச்சு பல அடுக்காகப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, செம்மண் குழம்பு தடவி, அதற்குப் பிறகுதான் தங்கம். பூச்சு வேலை எல்லாமே ஈரத்தில் நடப்பது. அதில் அவள் கை ஈரத்தை யாரும் கவனிக்கவில்லை. அந்த வாரங்களில் அவள் கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தாள். தேவாலயங்களுக்குக் கூட்டிப்போனபோது, பழைய படங்களில் தங்கம் தேய்ந்து செம்மண் தெரியும் இடங்களை அவளால் அடையாளம் காண முடிந்தது. அந்த மண்ணைத் தானும் குழைத்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்குப் புதிதாக இருந்தது.

தங்கத் தாள் வந்ததும் அவள் நிலை மாறியது. அகலத் தூரிகையால் தாளைத் தூக்கி வைக்க வேண்டும். விரல் பக்கத்தில் போனாலே போதும், தாள் ஈரத்துக்குத் தாவி ஒட்டிக்கொள்ளும். அவள் விரல்களில் எப்போதும் தங்கத் துணுக்குகள் மின்னின. பலகையிலோ ஓட்டை ஓட்டையாகக் கிடந்தது. முகப்பவுடரை உள்ளங்கையில் தடவிக்கொண்டு வந்தாள். பவுடர் செம்மண்ணில் விழுந்து அங்கே தாள் பிடிக்கவேயில்லை. கையுறை போட்டாள், அரை மணி நேரத்தில் உள்ளே நீர் தேங்கி, கையைத் தூக்கினால் மணிக்கட்டு வழியாக வழிந்தது. கழிவறைக்குப் போய்க் கையுறையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துத் திரும்பி வருவாள்.

மெல்ல மெல்ல அவள் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். “நான் போட்டோ எடுக்கட்டுமா? நான் அறிக்கை எழுதட்டுமா?” என்று கேட்டு, மற்றவர்களின் வேலையை எழுதிக் கொடுத்தாள். அவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. கியாரா மட்டும் ஒருநாள் அவள் பலகையை எடுத்துப் பார்த்துவிட்டு, “நீ நல்லா எழுதற. ஆனா நான் உன்னோட கையைப் பார்க்கணும்” என்றாள். வேலையைப் பார்க்க வேண்டும் என்ற பொருளில்தான் சொன்னாள். உமைரா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

வாரக் கடைசியில் உம்மா வீடியோவில் வருவாள்.

“கை எப்படி இருக்கு?”

“குளிர்ல வேர்க்கலம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்பாள் உம்மா. பின்னாலிருந்து வாப்பாவின் தையல் இயந்திரச் சத்தம் கேட்கும். உமைரா போனை மறு கைக்கு மாற்றி, ஈரக் கையை ஜீன்ஸில் தேய்த்துக்கொள்வாள்.

மார்ச் மாதத்தில் ஒரு மலைக் கிராமத்துத் தேவாலயத்திலிருந்து இரண்டு பெரிய மரத் தண்டுகள் வந்தன. பீடத்தின் இரு பக்கமும் மெழுகுவர்த்தி நிறுத்துவதற்கானவை. உச்சியிலிருந்து அடி வரை வெள்ளித் தாள் ஒட்டி, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செய்தவை என்றார்கள். உதிர்ந்த இடங்களில் மாணவர்கள் புதிய வெள்ளி ஒட்ட வேண்டும். கடைசியில் முழுவதற்கும் மெல்லிய வார்னிஷ் அடித்து, ஈஸ்டருக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

“தங்கம் மன்னிக்கும், வெள்ளி மன்னிக்காது” என்றாள் கியாரா. “வார்னிஷ் அடிக்கிற வரைக்கும் வெறும் கையால யாரும் தொடக்கூடாது. வேர்வையில உப்பு இருக்கு. தொட்ட அன்னைக்குத் தெரியாது. பிறகு கறுக்கும்.”

அவள் உமைராவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் உமைரா கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உமைரா கையுறையைக் கழற்றி நீரைக் கொட்டிவிட்டு, புதிய ஜோடியை எடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து எதிர் வேலைப்பலகையில் இருந்த பெண், “இதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பேன்” என்றாள். உமைரா திருப்பினாள். வெறும் கையால் தண்டின் பின்பக்கத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டு, கையை எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. மென்துணியால் ஒற்றி எடுத்தாள். வெள்ளி பளிச்சென்றுதான் இருந்தது. ஒன்றும் ஆகாது என்று தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் லேசான மஞ்சள் தெரிந்தது. வெளிச்சத்தின் கோணமாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு நாள் கழித்து அது பழுப்பானது. பிறகு மூன்று விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆள்காட்டி விரலின் ரேகைகள்கூடத் தெரிந்தன. அதைவிடக் கொடுமை, அது மாணவர்கள் ஒட்டிய புது வெள்ளி அல்ல. முந்நூறு வருஷத்துப் பழைய வெள்ளி.

அவள் தண்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். தினமும் எல்லோருக்கும் முன்பாக வந்து, அது அப்படியே திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். கண்டுபிடித்தால் அனுப்பிவிடுவார்களா, விசாவை ரத்து செய்வார்களா, மகாதேவன் சாருக்கு எழுதுவார்களா என்று மனதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்காவிட்டால்? வார்னிஷ் அதன் மேல் ஏறிவிடும். பிறகு அந்த விரல்கள் அடியிலேயே இருக்கும், அவள் தாராவியில் இருந்தாலும், செத்துப் போனாலும்.

ஒருநாள் தாங்க முடியாமல் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது வாப்பா.

“உம்மா தொழுதுட்டு இருக்கா. என்னளா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

அவள் அழுதுகொண்டே சொன்னாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை வாப்பா நிறுத்துவது கேட்டது.

“அது யார் மால்?”

“ஒரு கிராமத்து சர்ச்சோடது வாப்பா.”

“அவன் திரும்ப எடுக்க வரதுக்கு முன்னால சொல்லிரு. மால் கைய விட்டுப் போனப்பொறவு சொன்னா அது வேற கணக்கு.”

“அனுப்பிட்டாங்கன்னா?”

“அனுப்புனா வா. வீடு எங்கயும் ஓடிப் போவல.” பிறகு, “சாப்ட்டியா?” என்று கேட்டார்.

சொல்லிவிடலாம் என்று மறுநாள் போனாள்; முடியவில்லை. அதற்கு மறுநாளும் கியாராவின் மேசை வரை போய், பசை தீர்ந்துவிட்டது என்று ஏதோ சொல்லித் திரும்பினாள். வார்னிஷ் அடிக்கும் நாளும் வந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு கியாரா முதல் தண்டை முடித்தாள். இரண்டாவதை எதிர்ப்பலகைப் பெண்ணிடம் ஒப்படைத்தாள். அந்தப் பெண் தூரிகையை டப்பாவில் நனைத்து, விளிம்பில் வழித்தாள்.

“நிறுத்துங்க” என்றாள் உமைரா. பதற்றத்தில் அது தமிழில் வந்தது. யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அவள் போய்த் தண்டின் அடிப்பலகையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

கியாரா முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“இது என் கை” என்றாள் உமைரா, இப்போது ஆங்கிலத்தில்.

“கையுறை?”

உமைரா இரண்டு கையுறைகளையும் கழற்றித் தலைகீழாகப் பிடித்தாள். தரையில் நீர் சொட்டியது. பிறகு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். துடைத்தாள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேகைகளில் மறுபடியும் முத்து முத்தாக வேர்வை துளிர்த்தது. எட்டு வயதுக்குப் பிறகு அவள் யாருக்கும் தானாகக் கையை விரித்துக் காட்டியதில்லை.

“இதை முதல் மாசம் சொல்லியிருந்தா,” என்றாள் கியாரா, “நான் உன்னை இந்தத் தண்டு பக்கமே விட்டிருக்க மாட்டேன். இது உன்னோட பலகை இல்ல. இன்னொருத்தரோடது.” குரலை உயர்த்தவில்லை. அது உமைராவுக்கு இன்னும் கடினமாக இருந்தது. “வீட்டுக்குப் போ. நான் கூப்பிடறேன்.”

உமைரா தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். துணிகளை மடித்து அடுக்கினாள். அழைப்பு வரவில்லை. பயிற்சிப் பள்ளியின் நிர்வாகிகள் கூடிப் பேசுகிறார்கள் என்று எதிர்ப்பலகைப் பெண் செய்தி அனுப்பினாள். அந்த நாட்களில் உமைரா பெட்டியிலிருந்தே துணி எடுத்து உடுத்தி, துவைத்து மறுபடி பெட்டியிலேயே வைத்தாள்.

கடைசியில் கூப்பிட்டார்கள். கியாரா தண்டைச் சுத்தம் செய்திருந்தாள். பழுப்பு மங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. இன்னும் தேய்த்தால் பழைய வெள்ளியே போய்விடும் என்றாள். அதற்கு மேல் வார்னிஷ் அடித்தாகிவிட்டது. அறிக்கையில் அந்தக் கறை எப்படி வந்தது என்பதையும் எழுதியிருந்தார்கள். அந்தத் தேவாலயத்தின் பாதிரியார் எடுத்துப்போக வரும்போது உமைராவும் நிற்க வேண்டும்.

அவர் ஒரு சிறிய வேனில் வந்தார். அவசரத்தில் இருந்தார். கியாரா இத்தாலிய மொழியில் விளக்கினாள். உமைரா தான் மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னாள். அவர் கறையைப் பார்த்தார்.

“இது இன்னும் பரவுமா?”

“பரவாது” என்றாள் கியாரா.

“அப்போ சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, தண்டுகளை வேனில் ஏற்றக் கயிறு கேட்டார். அவ்வளவுதான். உமைரா எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இப்படி நினைத்துப் பார்க்கவேயில்லை.

பள்ளி அவளை அனுப்பவில்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்கும்வரை உலோகத் தாள் எதையும் தொடக்கூடாது என்றார்கள். மருத்துவமனையில் அவள் கைகளை இரண்டு தட்டுத் தண்ணீரில் வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. வாரத்தில் சில நாள் போய் உட்கார்ந்தாள். வேர்வை நிற்கவில்லை, குறைந்தது. சொட்டுவது நின்றது. இதற்கு ஒரு பெயர் உண்டு, இது பலருக்கும் இருக்கிறது என்று அந்த மருத்துவர் சாதாரணமாகச் சொன்னதை உமைரா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

மே மாதத்தில் கியாரா மறுபடி தங்கத் தாளைக் கொடுத்தாள். பலகைக்கு மேலே குறுக்காக ஒரு கட்டை வைத்து, மணிக்கட்டை அதில் ஊன்றி, தூரிகை மட்டுமே கீழே இறங்கும்படி உட்கார வைத்தாள். மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திவிட்டு எழுந்து கையை உலர்த்த வேண்டும். மற்றவர்கள் ஒரு பலகை முடிக்கும் நேரத்தில் உமைரா கால் பலகை முடித்தாள். ஒவ்வொரு தாளும் இறங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். செம்மண்ணின் ஈரம் தாளை விருட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் அந்தக் கணம் பிடித்திருந்தது. அதே சமயம் பயமாகவும் இருந்தது. படிப்பு முடிந்தபோது, தங்க வேலையில் தேர்ச்சி கொடுத்தார்கள். வெள்ளியில் கொடுக்கவில்லை. அது சரிதான் என்று அவளுக்கே தோன்றியது.

மும்பைக்குத் திரும்பியதும், செம்பூருக்குப் போய் மகாதேவனிடம் முதலில் கையைத்தான் காட்டினாள்.

“ரெண்டு வருஷம் எங்கிட்ட வேலை பார்த்தியேம்மா, ஒரு வார்த்தை சொல்லலையே?” என்றார். “நான் பாட்டுக்கு உன்னைத் தங்க வேலை படிக்க அனுப்பிட்டேனே!”

“சொல்லிருந்தா அனுப்பிருப்பீங்களா சார்?”

“மாட்டேன்னுதான் நினைக்கறேன்” என்றார்.

மருத்துவமனையில் பார்த்த மின்சாரத் தட்டுகள் போல ஒரு சிறிய கருவி வாங்கி வீட்டு மேல்தளத்தில் வைத்திருக்கிறாள். அவள் கையை வைத்ததும் உம்மா எதிரில் உட்கார்ந்துகொள்வாள். “கரன்ட்டுல கைய வைக்கியே, எனக்குல்லா ஈரக்குலை நடுங்குது” என்று தினமும் சொல்வாள். எழுந்து மட்டும் போக மாட்டாள்.

அந்த மழைக்காலத்தில் பாந்த்ராவில் ஒரு பழைய தேவாலயத்தின் மரப்பீடம் செம்பூர்க் கூடத்துக்குச் சீர்செய்ய வந்தது. தங்கம் பூசும் பகுதியை மகாதேவன் உமைராவிடம் கொடுத்தார். மும்பை மழையில் எதுவுமே காய்வதில்லை. முதலில் ஒட்டிய இரண்டு கை அகலத் தங்கம் மறுநாள் செதில் செதிலாக எழும்பி நின்றது. தன் வேர்வைதான் காரணம் என்று நினைத்து அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். மகாதேவன் சுரண்டிப் பார்த்துவிட்டு, “பசை இறுகலைம்மா, உன் கை இல்ல. இந்த ஈரத்துக்குப் பசையைக் கெட்டியா காய்ச்சணும்” என்றார். அவள் முழுதாக நம்பவில்லை. பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, சுரண்டிய இடத்தில் மறுபடி ஒட்டினாள். இந்த முறை நின்றது. தீபாவளிக்கு முன்னால் பீடம் முழுவதும் முடிந்தது. பீடத்தைத் திரும்ப ஏற்றி வைத்த அன்று வாப்பா பட்டறையை மூடிவிட்டு வந்து, தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்று பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொன்னதற்கு, “இங்கனயே நல்லாத் தெரியுது” என்றார்.

போன வாரம் மகாதேவன் அவளைக் கூப்பிட்டார்.

“வெள்ளித் தாள் வேலை ஒண்ணு வந்திருக்கு. பழைய கண்ணாடிச் சட்டம். எடுத்துக்கலாமா?”

உமைரா உள்ளங்கை நனைந்துவிட்டதை உணர்ந்தாள். “வெள்ளி வேண்டாம் சார். நான் அறிக்கை எழுதித் தர்றேன். ஒட்டுறதுக்கு வேற ஆள் வைங்க.”

“சரி” என்றார் அவர்.

மாலையில் வீட்டுக்குப் போகச் செம்பூரில் ஹார்பர் லைன் மின்ரயிலில் ஏறினாள். உட்கார இடமில்லை. வேண்டாம் என்றது புத்தியா, பயமா என்று திலக் நகர் தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள், தெரியவில்லை. குர்லாவில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. அவள் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, மேலே கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, அடுத்த நிலையமான சுனாபட்டியில் இறங்குவதற்காகக் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தாள்.